முடியாத படமும் நடந்து முடித்தவர்களும்

கமினோ என்னும் திருப்பயணப் பாதையில் நடப்பவர்களுக்குக் காலை வெயில் முதுகில்தான் விழும். பிரான்ஸின் எல்லையோரத்தில் உள்ள சான் ழான் பியே தெ போரில் கிளம்பி, பிரனீஸ் மலையைத் தாண்டி, வட ஸ்பெயினின் குறுக்கே சான்தியாகோ தெ கொம்போஸ்தெலாவில் இயேசுவின் சீடர் புனித சந்தியாகப்பரின் கல்லறைப் பேராலயம் வரைக்கும் ஏறத்தாழ 780 கிலோமீட்டர். பிரெஞ்சு வழி என்று அழைக்கப்படும் இந்தப் பாதை பெரும்பாலும் மேற்கு நோக்கியே போகிறது. விடிகாலையில் புறப்பட்டால் அவரவர் நிழல் நீளமாக முன்னால் விழுந்து கிடக்கும். பகலெல்லாம் சூரியன் தெற்கே, அதாவது இடப்பக்கம் இருப்பதால், ஐந்து வாரம் நடந்து முடித்தவரின் இடது காலைப் பார்த்தாலே தெரியும். வலது காலைவிட நன்றாகக் கறுத்திருக்கும்.

எங்கள் ஆவணப்படத்தின் முதல் தொகுப்பில் ஒரு காட்சி இருந்தது. கோதுமை வயல்களுக்கு நடுவே, உதிக்கும் சூரியனைப் பார்த்தபடி ஒரு திருப்பயணி நடந்து வருகிறார். முகம் முழுக்கப் பொன்னொளி. தாடியில் படிந்திருக்கும் தூசுகூடத் தெரியும். எடிட்டிங் அறையில் அந்த ஷாட்டைப் பார்த்தவர்கள் எல்லோரும் ஒரு கணம் பேச்சை நிறுத்தினார்கள். படத்தைப் பொதுமக்களுக்குத் திரையிட்ட முதல் மாலையில், விளக்கு எரிந்ததும் எழுந்து நின்ற வயதான அம்மையார் ஒருவர் கேட்டார்: "எல்லாம் சரி. இவர் மட்டும் ஏன் வீட்டுக்குத் திரும்பிப் போகிறார்?"

அரங்கில் பாதிப் பேருக்குக் கேள்வியே புரியவில்லை. மீதிப் பாதி சிரித்துவிட்டது. சிரித்தவர்கள் கமினோவை நடந்து முடித்தவர்கள். வெளிச்சத்துக்காக அந்தப் பயணியை நாலு எட்டு கிழக்கே திரும்பி நடக்கச் சொல்லி எடுத்த ஷாட் அது. எந்த நிபுணரும் அதைக் கண்டுபிடித்திருக்க மாட்டார். மேற்கே நடந்து தோல் கறுத்தவர்கள் கண்டுபிடித்தார்கள். மறுநாளே அந்த ஷாட் படத்தை விட்டுப் போனது. எனக்கு அதில் வருத்தமே இல்லை.

இந்தப் படத்தின் படத்தொகுப்பில் இருப்பவன் நான். முடியாத படத்தை ஏன் ஊருக்குக் காட்டுகிறீர்கள் என்று நண்பர்கள் கேட்கிறார்கள். இசை போடவில்லை, நிறம் சரிசெய்யவில்லை, திரையின் அடியில் நேரத்தைக் காட்டும் டைம்கோட் எண்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன, சில இடங்களில் 'இங்கே வரைபடம் வரும்' என்று வெள்ளை எழுத்து மட்டும் நிற்கிறது. இதைப் பார்ப்பவர்கள் படத்தைப் பற்றித் தாழ்வாக நினைத்துவிட மாட்டார்களா என்பது அவர்கள் கவலை. என் கவலை வேறு. நூற்றுக்கணக்கான மணி நேரக் காட்சிகளை மாதக்கணக்கில் பார்த்துக்கொண்டே இருப்பவனுக்கு நேரம் என்ற உணர்வு செத்துவிடுகிறது. அடுத்து என்ன வரப்போகிறது என்று தெரிந்தவனுக்கு எது சலிப்பு, எது திகைப்பு என்று எப்படித் தெரியும்? நடைப்பயணத்தைப் பற்றிய படத்துக்கோ நேரம்தான் மூலப்பொருள். கொலை இல்லை, துப்பறிதல் இல்லை. ஒருவர் நடக்கிறார். மறுநாளும் நடக்கிறார். அது எவ்வளவு நேரம் திரையில் இருக்க வேண்டும் என்பதைத் தொகுப்பாளர் தனியாக உட்கார்ந்து முடிவு செய்ய முடியாது.

ஆவணப்படம் பிறந்த நாளிலிருந்தே இந்த வழக்கமும் இருக்கிறது. அமெரிக்க இயக்குநர் ராபர்ட் ஃப்ளாஹெர்ட்டி 1920–21இல் கனடாவின் ஹட்சன் விரிகுடாக் கரையில் இனூயிட் மக்களைப் படமெடுத்தபோது, எடுத்த சுருள்களை அங்கேயே கழுவி, அச்சிட்டு, அவர்களுக்கே போட்டுக் காட்டினார். அவர் காட்டியது படத்தில் நடித்தவர்களுக்கு. நாங்கள் முன்பின் தெரியாதவர்களுக்கும் காட்டுகிறோம். ஆனால் காரணம் ஒன்றுதான்: அந்த வாழ்க்கையை உடம்பால் அறிந்தவர்கள் அரங்கில் இருக்க வேண்டும்.

அறியாதவர்களும் இருக்க வேண்டும். இந்தக் கலவை மிக முக்கியம். நடந்தவர்களை மட்டும் கூட்டினால், ஒவ்வொருவரும் திரையில் தன்னுடைய கமினோவைத் தேடுகிறார். தான் தங்கிய ஊர் வரவில்லை, தனக்குச் சூப் கொடுத்த விடுதிக்காரர் வரவில்லை என்று ஆதங்கப்படுகிறார். மஞ்சள் அம்பு ஒன்று திரையில் வந்தால் போதும், கண் கலங்கிவிடுகிறது. வழியிலுள்ள ஓ செப்ரெய்ரோவின் பங்குத்தந்தை எலியாஸ் வாலிஞா 1980களில் பெயின்ட்டும் தூரிகையுமாகப் போய் வரையத் தொடங்கிய அம்புகள் அவை. அவற்றை நம்பி நாட்கணக்கில் நடந்தவருக்கு அந்த மஞ்சள் நிறமே போதும். படம் நன்றாக இருக்கிறதா என்று அவரால் சொல்ல முடியாது. நடக்காதவருக்கு அம்பு வெறும் அம்பு. அவர் கேட்பது எப்போதும் ஒரே கேள்வி: இவ்வளவு வலியைத் தாங்கிக்கொண்டு இவர்கள் ஏன் நடக்கிறார்கள்?

திரையிடலின்போது நான் திரையைப் பார்ப்பதில்லை. ஓரத்தில், பக்கவாட்டில் உட்கார்ந்து அரங்கைப் பார்க்கிறேன். நாற்காலி எப்போது கிறீச்சிடுகிறது, யார் எப்போது கைப்பையைத் திறக்கிறார், இருமல் எங்கே ஒன்றுக்குப் பின் ஒன்றாகத் தொற்றுகிறது என்று டைம்கோடோடு குறித்துக்கொள்கிறேன். முடிந்ததும் ஒரு தாள் கொடுக்கிறோம். 'படம் பிடித்ததா' என்ற கேள்வி அதில் கிடையாது. அதற்கு எல்லோரும் மரியாதையாகத்தான் பதில் எழுதுவார்கள். எந்த இடத்தில் நேரம் பார்த்தீர்கள், யார் யார் நினைவில் நிற்கிறார்கள், எது புரியவில்லை என்று கேட்கிறோம். உரையாடலை நடத்துவது படத்தோடு சம்பந்தமில்லாத ஒருவர். இயக்குநர் கடைசி வரிசையில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருப்பார். அவர் விளக்கம் சொல்ல ஆரம்பித்தால் பார்வையாளர்கள் படத்தை விட்டுவிட்டு அவரை ஆறுதல்படுத்தத் தொடங்கிவிடுகிறார்கள்.

எப்படிச் சரிசெய்ய வேண்டும் என்று பார்வையாளர்கள் தரும் யோசனைகளை நான் பெரும்பாலும் பின்பற்றுவதில்லை. ஆனால் வலி எங்கே இருக்கிறது என்று அவர்கள் காட்டுகிறபோது தவறுவதே இல்லை.

சர்ரியா காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். சான்தியாகோவுக்குச் சுமார் 115 கிலோமீட்டர் முன்னால் இருக்கிறது சர்ரியா. நடந்து வருபவர்கள் குறைந்தது 100 கிலோமீட்டராவது கால்நடையாகக் கடந்து சான்தியாகோவை அடைந்திருந்தால்தான் கொம்போஸ்தெலா என்னும் சான்றிதழ் கிடைக்கும். அந்தத் தூரத்தில் நாளுக்கு இரண்டு முத்திரைகள் பயண ஏட்டில் விழுந்திருக்க வேண்டும். அதனால் பெருங்கூட்டம் சர்ரியாவில்தான் நடக்கத் தொடங்குகிறது. ஒரு மாதம் நடந்து களைத்து வருபவர்களுக்கு, திடீரென்று பாதையை நிறைக்கும் இந்தப் புதியவர்கள்மீது ஓர் எரிச்சல் உண்டு. எங்கள் படத்தில் வருபவர்களில் ஒரு பெண் அங்கிருந்துதான் தொடங்குகிறார். அவர் அறிமுகமாகும் ஷாட்டில் முதலில் தெரிவது காலணி. மடிப்புக்கூட விழாத, அன்றுதான் அட்டைப் பெட்டியிலிருந்து எடுத்த காலணி. அடுத்து முதுகில் ஒரு சின்னப் பை.

அரங்கம் சிரித்தது. கெட்ட சிரிப்பு. அதற்கு முந்தைய காட்சியில்தான் ஒருவர் கால் கொப்புளத்தில் ஊசி நூலைக் கோத்து நீர் வடித்துக்கொண்டிருந்தார். அந்தக் கொப்புளத்துக்குப் பக்கத்தில் இந்தக் காலணி வேறு எப்படித் தெரியும்? அந்தச் சிரிப்புக்குப் பிறகு அந்தப் பெண்ணை யாரும் முழு மனத்தோடு பார்க்கவில்லை. படுக்கையில் கிடக்கும் தாயை ஆண்டுக்கணக்காகப் பார்த்துக்கொள்பவர் அவர். அக்கா வந்து பொறுப்பேற்கும் ஒரு வாரம்தான் அவருக்குக் கிடைத்த மொத்த விடுமுறை. இதை அவர் சொல்வது அன்றிரவு விடுதியில். அதற்குள் அரங்கம் தீர்ப்பு எழுதிவிட்டது. உரையாடலின்போது பின்வரிசையில் ஒருவர் எழுந்து, "நானும் சர்ரியாவிலிருந்துதான் நடந்தேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அவருக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் சற்று நேரம் எதுவும் பேசவில்லை.

செய்த மாற்றம் மிகச் சிறியது. அம்மாவைப் பற்றி அவர் பேசும் குரலை முன்னால் கொண்டுவந்தோம். கறுத்த திரையில் குரல் தொடங்கும்; பிறகு காலணி. அதே காலணி, அதே ஷாட், அதே நீளம். அடுத்த திரையிடலில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. புதுக் காலணியைப் பார்த்ததும் முன்வரிசையில் ஓர் அம்மா 'ஐயோ' என்று முணுமுணுத்தார்; அந்தக் காலணி அந்தப் பெண்ணின் காலை என்ன பாடுபடுத்தப்போகிறது என்று நடந்தவருக்குத் தெரியுமே. இரண்டு துண்டுகளின் வரிசை மாறியதும் ஒரு மனுஷிக்கு மரியாதை திரும்பக் கிடைத்தது. இதற்காகவே எத்தனை மாலைகளை வேண்டுமானாலும் செலவழிக்கலாம் என்று நினைக்கிறேன்.

மெசெட்டா சமவெளி விவகாரம் இன்னும் கடினமானது. பூர்கோஸுக்கும் லியோனுக்கும் இடையே சுமார் 180 கிலோமீட்டர் சமவெளி. நிழல் அரிது. தொடுவானம்வரை தானிய வயல். பல பயணிகள் பூர்கோஸில் பஸ் ஏறி லியோனில் இறங்கிவிடுகிறார்கள். முதல் தொகுப்பில் அதை மிகச் சுருக்கமாகக் கடந்திருந்தோம். நீளமாக வேண்டும் என்பது என் கட்சி. பார்வையாளர்கள் எழுந்து போய்விடுவார்கள் என்பது இயக்குநரின் அச்சம். எங்கள் இருவருக்கும் நடுவே அந்த வாதம் முடியாமல் கிடந்தது.

திரையிட்டபோது நான் எதிர்பாராத ஒன்று தெரிந்தது. நாற்காலிகள் அதிகம் கிறீச்சிட்டது சமவெளியில் அல்ல. ஒருவர் பின் ஒருவராக உட்கார்ந்து 'நான் ஏன் நடக்கிறேன்' என்று கேமராவுக்கு விளக்கும் இடங்களில். நல்ல பேச்சுகள்தான், மனதைத் தொடும் பேச்சுகள்தான். ஆனால் மூன்றாவது ஆளுக்குள் அரங்கம் களைத்துவிட்டது. உரையாடலில் ஒருவர் எழுந்து, "பூர்கோஸ் வந்தது, உடனே லியோன் வந்துவிட்டதே, நீங்களும் பஸ்ஸில்தான் போனீர்களா?" என்று கேட்டார். இயக்குநர் முதல் தடவையாகத் தன் குறிப்பேட்டில் எதையோ எழுதுவதைப் பார்த்தேன்.

பேச்சுகளைக் குறைத்தோம். கரியோன் தெ லோஸ் கோந்தேஸ் ஊரைத் தாண்டியதும் ஏறக்குறைய 17 கிலோமீட்டருக்கு ஓர் ஊரும் கிடையாது. பழைய ரோமானியச் சாலைமேல் நேர்கோடாகப் போகும் வழி. அங்கே எடுத்த ஒரே ஷாட்டை வெட்டாமல் வைத்தோம். நடப்பவரின் முதுகு, சரளைக்கல்லில் காலடி, நடைக்கோலின் இரும்பு முனை கல்லில் தட்டும் டக், டக். காற்று. அவ்வளவுதான். திரையிட்டபோது சிலர் நெளிந்தார்கள், ஒருவர் செல்பேசியை எடுத்தார், இருவர் எழுந்து வெளியே போனார்கள். நான் குறித்துக்கொண்டேன். இந்தப் பாதையின் முடிவில் இருக்கும் கால்சதியா தெ லா குவேசா ஒரு பள்ளத்துக்குள் இருக்கும் சிற்றூர். நெருங்கிக் காலடியில் வரும்வரை கண்ணில் படாது. ஒன்றுமே இல்லாத வெளியில் நடந்துகொண்டே இருக்கும்போது, திடீரென்று தரைக்குக் கீழேயிருந்து கூரைகள் எழும். அந்தக் கூரைகள் திரையில் வந்த நொடியில் அரங்கம் முழுவதும் வாய்விட்டு மூச்சு விட்டது, யாரோ கைதட்டிவிட்டார்கள். நடக்காதவர்களும் அதில் உண்டு. முந்தைய சுருக்கமான தொகுப்பிலும் அதே கூரைகள் வந்தன. அப்போது எவரும் அவற்றைக் கவனிக்கவே இல்லை. வெளியே போன இருவரை நான் மதிக்கிறேன். ஆனால் அவர்களுக்காக அந்த ஷாட்டைக் குறைக்க மாட்டேன்.

இசையைப் பற்றியும் சொல்ல வேண்டும். தொகுக்கும்போது தற்காலிகமாக ஏதாவது ஓர் இசையை ஓடவிட்டு வேலை செய்வது வழக்கம். அந்த இசைக்கு உரிமை வாங்கியிருக்க மாட்டோம். ஆகவே பொதுத் திரையிடலுக்கு முன் அதை எடுத்துவிட வேண்டியதாயிற்று. பிரனீஸ் ஏற்றம் இசையில்லாமல் ஓடியது. கட்டாயத்தால் நடந்ததுதான், ஆனால் அதுவே நல்லதாகப் போயிற்று. ஏற்றத்தின் மூச்சிரைப்பும் மாடுகளின் மணியோசையும் மட்டும் கேட்ட அந்தப் பகுதியைத்தான் நடந்தவர்கள் திரும்பத் திரும்பக் குறிப்பிட்டார்கள். பிரெஞ்சு ஆவணப்படக்காரர் ழான் ரூஷ், நைஜர் ஆற்றில் சோர்க்கோ மக்களின் நீர்யானை வேட்டையைப் படமெடுத்தவர். 1950களில் அந்தப் படத்தை அவர்களிடமே கொண்டுபோய்த் திரையிட்டார். வேட்டைக் காட்சிக்கு அவர்களுடைய வேட்டைப் பாட்டின் இசையையே சேர்த்திருந்தார். வேட்டைக்காரர்கள் ஒப்பவில்லை. வேட்டையின்போது அமைதி வேண்டும், இந்தச் சத்தத்தில் நீர்யானை ஓடிவிடும் என்றார்கள். ரூஷ் அந்தப் பாடத்தைப் பிறகு பல இடங்களில் சொல்லியிருக்கிறார். எங்கள் இசையமைப்பாளரும் இதைக் கேட்டுவிட்டு, மலையேற்றத்தை அப்படியே விட்டுவிடலாம் என்று சம்மதித்திருக்கிறார்.

இரும்புச் சிலுவைக் காட்சியைக் காட்டும் ஒவ்வொரு மாலையிலும் ஒரே கேள்வி வருகிறது. பிரெஞ்சு வழியின் மிக உயரமான இடங்களில் ஒன்று அது, ஏறத்தாழ 1,500 மீட்டர். உயரமான மரக்கம்பத்தின் உச்சியில் சிறு சிலுவை. அடியில், வீட்டிலிருந்து எடுத்துவந்த கல்லைப் பயணிகள் போட்டுப் போட்டு உயர்ந்த குவியல். நடுவயதுக்காரர் ஒருவர் தன் கல்லை வைத்துவிட்டுக் குவியலிலேயே உட்கார்ந்து அழுகிறார். கேமரா வெகு தொலைவில் நிற்கிறது. "இதைக் காட்டுவது அவருக்குத் தெரியுமா?" என்று கேட்கிறார்கள். தெரியும். படத்தில் வருபவர்களுக்கு அவரவர் பகுதியை முதலில் காட்டாமல் வெளியாருக்குக் காட்டுவதில்லை என்பது தொடக்கத்திலேயே எடுத்த முடிவு. கையெழுத்துப் போட்ட ஒப்புதல் தாள் சட்டத்துக்குப் போதும், அழுகிறவருக்குப் போதாது. அவர் தன் அழுகையை நீக்கச் சொல்லவில்லை. கல்லோடு வைத்த காகிதத்தில் தெரிந்த பெயரை மட்டும் நீக்கச் சொன்னார். அந்த நெருக்கக் காட்சி இப்போது படத்தில் இல்லை.

நடைமுறைத் தொல்லைகளும் உண்டு. முதல் திரையிடல் தங்களிடம்தான் நடக்க வேண்டும் என்று கேட்கும் திரைப்பட விழாக்கள் பல. ஆகவே டிக்கெட் போடாமல், 'நிறைவுறாத படம்' என்று அறிவித்தே காட்டுகிறோம். செல்பேசியில் பதிவு செய்யக் கூடாது என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்கிறோம். நிதி திரட்டுவதைத் திரையிடலோடு கலப்பதில்லை. நன்கொடை கேட்ட மாலையில் எல்லோரும் அன்பாகப் பேசுகிறார்கள்; அந்த அன்பால் படத்துக்கு எந்தப் பயனும் இல்லை.

காலத்தின் நெருக்கடியும் இருக்கிறது. சந்தியாகப்பர் திருநாளான ஜூலை 25 ஞாயிற்றுக்கிழமையில் வரும் ஆண்டு புனித ஆண்டு. அடுத்தது 2027. அதற்குள் படம் வெளிவர வேண்டும் என்று நிதி கொடுப்பவர்கள் எதிர்பார்க்கிறார்கள். 2024இலேயே கொம்போஸ்தெலா பெற்றவர்கள் ஏறக்குறைய 5 லட்சம் பேர். பல ஆண்டுகளுக்கு முன், பாதையில் ஆளே இல்லாத காலத்தில் நடந்த பெரியவர் ஒருவர், படுக்கை பிடிக்க விடுதிக்கு ஓடும் கூட்டத்தைத் திரையில் பார்த்து மனம் நொந்து பேசினார். இதையெல்லாம் ஏன் காட்டுகிறீர்கள் என்றார். இப்போது அப்படித்தான் இருக்கிறது, காட்டத்தான் வேண்டும் என்பது என் எண்ணம். ஆனால் அவர் பேசியதும் விடுதி வாசலில் ஒரு கிழவர் இடம் கேட்டு நிற்கும் காட்சியைத் தேடி எடுத்துச் சேர்த்தேன்.

இன்னும் தீராதது படத்தின் முடிவுதான். நடக்காதவர்கள் பேராலயத்தின் பெரிய தூபக்கலசத்தை எதிர்பார்க்கிறார்கள். எட்டுப் பேர் கயிறு இழுக்க, 50 கிலோவுக்கு மேல் எடையுள்ள கலசம் கூரைவரை ஊசலாடும். திரைக்கு அதைவிடச் சிறந்த காட்சி கிடைக்காது. ஆனால் அது தினமும் ஆடுவதில்லை. சில திருநாட்களிலும், யாராவது காணிக்கை செலுத்தி ஏற்பாடு செய்யும்போதும்தான். பெரும்பாலானவர்கள் அதைப் பார்க்காமலே திரும்புகிறார்கள். நடந்தவர்கள் கேட்பது பேராலயத்தின் முன்னிருக்கும் ஒப்ரதோய்ரோ சதுக்கத்தை: பையைத் தலைக்கு வைத்துக் கல்தரையில் படுத்துக் கோபுரங்களைப் பார்த்துக்கொண்டு, இனி என்ன செய்வது என்று தெரியாமல் கிடப்பதை.

நான் வேறொரு முடிவை முன்வைத்திருக்கிறேன். திருப்பயணிகள் அலுவலகத்தின் வரிசை. கொம்போஸ்தெலா கேட்பவர் எதற்காக நடந்தார் என்பதை அங்கே பதிவு செய்ய வேண்டும். சமயத்துக்காகவா, ஆன்மிகத்துக்காகவா, வேறு காரணத்துக்காகவா. சர்ரியாவிலிருந்து நடந்த அந்தப் பெண் அந்தக் கேள்விமுன் நெடுநேரம் நிற்கிறார். நடக்காதவர்கள் எங்களிடம் கேட்டுக்கொண்டே இருக்கும் கேள்வி அதுவேதான். அடுத்த திரையிடலுக்கு நடந்தவர்கள் யாரையும் அழைக்கவில்லை, நடக்காதவர்கள் மட்டும். அவர் பதில் எழுதுவதற்கு முன்பே அரங்கில் பைகளை மூடும் சத்தம் கேட்டால், கடைசிப் பகுதியை மறுபடியும் வெட்டத் தொடங்குவேன்.